அப்பாவின் குரலுக்கு ஏற்ற ரிக்கார்டர்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பொருளை வாங்கப் போனாலும், அதைப் பற்றிக் கடைக்காரருக்குத் தெரிந்ததைவிடக் கூடுதலாகத் தெரிந்துகொண்டுதான் வாங்குவேன். கல்யாணமான புதிதில் ரைஸ் குக்கர் ஒன்று வாங்க எனக்குப் பதினொரு நாள் பிடித்தது. அந்தப் பதினொரு நாளும் நானும் என் மனைவி லோகாவும் கடையில் மீ கோரெங் நூடுல்ஸைத் தாப்பாவ் பொட்டலமாகக் கட்டி வந்து சாப்பிட்டோம். பன்னிரண்டாம் நாள் குக்கர் வந்தது. வீட்டில் அரிசி இல்லை. (அரிசியைப் பற்றியும் கொஞ்சம் படிக்க வேண்டியிருந்தது.)

குணத்துக்கு ஏற்ற வேலைதான் எனக்கு வாய்த்தது. அலோர் காஜா பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை. நாள் முழுக்கத் திருகாணிகளை அளந்து பார்த்து, இது தேறும், இது தேறாது என்று பிரித்துப் போடுவேன். வீட்டுக்கு வந்தும் அதையே செய்தால் பெண்டாட்டிக்கு எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது ஒரு ரிக்கார்டர்.

அதற்கு முன் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். புலாவ் செபாங்கில் ராஜு என்றால் யாருக்கும் தெரியாது. 'மைக்' ராஜு என்றால் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து கைகாட்டி எங்கள் தாமான் குடியிருப்புக்கு வழி சொல்வார்கள். அவர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். ஆனால் அவர் ஓட்டிய பஸ்ஸை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. சுற்று வட்டாரத்தில் கல்யாணமோ கோயில் திருவிழாவோ எதுவானாலும் மைக் அவர் கையில்தான் இருக்கும். காசுக்காக இல்லை, ஆசைக்காக. "வெள்ளை நிற மைவி காரின் சொந்தக்காரர், தயவுசெய்து தங்கள் வாகனத்தை உடனடியாக அப்புறப்படுத்தவும்" என்று அவர் அறிவித்தால், வெள்ளைக் கார் வைத்திருக்கும் அத்தனை பேரும் கை கழுவாமல் எழுந்து ஓடுவார்கள். நீலக் கார் வைத்திருந்த ஒருவரும் ஓடியிருக்கிறார். அப்படி ஒரு குரல். அடித்தொண்டையிலிருந்து மெதுவாகக் கிளம்பி, மண்டபத்தின் கடைசி வரிசையில் தூங்கும் ஆளைத் தட்டி எழுப்பும்.

அந்தத் தொண்டையில்தான் கரகரப்பு வந்தது. சளி என்று நினைத்தோம். மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் நாலைந்து பரிசோதனைகளுக்குப் பிறகு, ஓர் இளம் டாக்டர் எங்களை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். கட்டி இருக்கிறது. குரல்வளையை எடுத்துவிட்டால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அதற்குப் பிறகு பேச்சு வராது. ஆபரேஷன் மூன்று வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின நாளே வந்து சேர்ந்துவிட வேண்டும்.

அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "டாக்டர், அப்பறம் சாப்பிடலாமா?"

"போலே, பாக்சிக்." தாராளமாகச் சாப்பிடலாம் என்று மலாயில் சொன்னார்.

"அப்ப சரி."

திரும்பி வரும்போது காரில் அப்பா என் பக்கத்தில். பின்சீட்டில் அம்மாவும் லோகாவும். லோகாவுக்கு அப்போது ஆறு மாதம். எங்கள் முதல் குழந்தை. அதன் தாத்தா பேசி அது கேட்கப் போவதே இல்லை என்பது எனக்கு ஆயர் குரோ தாண்டும்போதுதான் உறைத்தது. உடனே சொன்னேன். "ப்பா, உங்க குரலப் பதிவு பண்ணி வைக்கணும். பாப்பாவுக்கு."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "சரி தம்பி. எப்ப?"

அந்த நிமிடம் காரை ஓரமாக நிறுத்தி, சட்டைப் பையிலிருந்த ஹேண்ட்போனை எடுத்து நீட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. நான் சொன்னது வேறு. "நல்ல மெஷினா பாக்கறேன்ப்பா."

அன்று மாலையே நோட்டுப் புத்தகம் எடுத்துக் கோடு போட்டேன். லோகா எட்டிப் பார்த்தாள்.

"ஹேண்ட்போன்ல எடுத்தா போதாதா?"

"ஹேண்ட்போனா? அது குரலை நசுக்கிரும். அப்பாவோட அடிக்குரல் இருக்கே, அது அதுல நிக்காது."

"எனக்கு அவர் போன்ல பேசினா நல்லாத்தானே கேக்குது."

"உனக்குக் கேக்கும். பதிவுக்கு அது பத்தாது லா."

அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

கையடக்கமான ஒலிப்பதிவுக் கருவிகளின் உலகம் எவ்வளவு பெரியது என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. கேட்கிற ஒலியை ஒரு வினாடிக்கு நாற்பத்தெட்டாயிரம் தடவை அளந்து எழுதிவைக்கும் கருவி உண்டு. தொண்ணூற்றாறாயிரம் தடவை அளப்பது உண்டு. அதற்கும் இரண்டு மடங்கு அளப்பதும் உண்டு. எது வேண்டும் என்று தீர்மானிக்க எனக்கு நான்கு நாள் ஆனது. மிக உயர்ந்ததையே வாங்கிவிடலாம் என்று முடிவெடுத்த அன்று, அந்த அளவில் பதிவாகும் கூடுதல் ஒலி மனிதர் காதில் விழாது, வௌவாலுக்குத்தான் கேட்கும் என்று ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். லோகாவிடம் சொன்னேன்.

"மாமா வௌவாலுக்கா பேசப் போறாரு?" என்றாள்.

அதை அடித்துவிட்டுத் தொண்ணூற்றாறாயிரத்துக்கு வந்தேன். அடுத்து இரைச்சல். சில கருவிகளில் யாரும் பேசாதபோது அடியில் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் ஓடுமாம். ஒன்றில் இரைச்சல் இல்லை, ஆனால் கையில் பிடித்தால் விரல் நகர்வதுகூடக் கேட்கும். இன்னொன்று பேட்டரியைப் பட்டாணி மாதிரி தின்னும். மற்றொன்றில் வெளி மைக் செருக நான்கு துளை. கோயில் கமிட்டி மொத்தத்துக்கும் மைக் மாட்டலாம். அப்பாவுக்கு வாய் ஒன்றுதான்.

இதையெல்லாம் காதால் கேட்டுச் சோதிக்க வேண்டும் அல்லவா? ஹெட்போனை மாட்டிக்கொண்டு இணையத்தில் உட்கார்ந்தேன். இந்தக் கருவிகளை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தாடிக்காரர்கள். குளிர் நாட்டுக் காடுகளில் தவளைச் சத்தம் பதிவு செய்கிறவர்கள். ஒரே தவளையை ஐந்து ரிக்கார்டரில் பதிவு செய்து, எதில் தவளை தவளையாக இருக்கிறது என்று கேட்பார்கள். நானும் கண்ணை மூடிக் கேட்பேன். அந்த மூன்று வாரத்தில் நான் கேட்ட வெளிநாட்டுத் தவளைகளை வைத்து ஒரு குளத்தையே நிரப்பலாம்.

அப்பாவும் அம்மாவும் எங்களோடுதான் இருந்தார்கள். தினமும் டீ குடித்த பிறகு அப்பா என் அறை வாசலுக்கு வந்து நிற்பார்.

"என்ன தம்பி, கெடைச்சிருச்சா?"

"ஒரு நிமிசம்ப்பா. இத மட்டும் கேட்டுடறேன்."

ஹெட்போனைக் கழற்றித் திரும்பிப் பார்க்கும்போது அவர் போயிருப்பார். நல்லது, அப்பா என் வேலையைத் தொந்தரவு செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டு அடுத்த தவளைக்குப் போவேன்.

இப்படிப் பத்தொன்பது நாள் ஓடியது. சனிக்கிழமை காலை லோகா நாள்காட்டியைக் கொண்டுவந்து என் நோட்டுப் புத்தகத்தின்மேல் வைத்தாள். "திங்கக்கெழம ஆஸ்பத்திரில சேரணும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மலாக்கா டவுனில் கித்தார், மேளம், மைக் எல்லாம் விற்கும் ஒரு கடைக்கு ஓடினேன். கடைக்காரச் சீனத் தாவ்கே எஸ்டேட் பக்கம் பிறந்து வளர்ந்தவர். அவர் தமிழில் என் தமிழைவிடச் சுத்தம் அதிகம். என் நோட்டுப் புத்தகத்தைப் பொறுமையாகப் புரட்டினார்.

"யாரு பேசப் போறது?"

"எங்க அப்பா."

"ஒரு ஆளுதானே?"

"ஒரு ஆளுதான்."

கண்ணாடிப் பெட்டியிலிருந்து சின்னதாக ஒன்றை எடுத்து வைத்தார். "இது போதும் தம்பி. மைக் ரெண்டு இதுலயே இருக்கு. வெளிய வச்சு எடுக்கறதுன்னா இந்த முடித் தொப்பிய மாட்டிக்க. காத்துச் சத்தம் வராது."

முதல் நாள் நோட்டில் இரண்டாவதாக நான் எழுதி வைத்திருந்த அதே மாடல். பத்தொன்பது நாளில் நான் ஒரு வரிகூட நகரவில்லை.

"இங்க பாரு. இந்தச் செவப்புப் பட்டன மொதல்ல..." என்று தாவ்கே ஆரம்பித்தார்.

"தெரியும் தாவ்கே. இந்த மாடலப் பத்தி நாப்பது வீடியோ பாத்துட்டேன்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு பெட்டியை மூடினார். "அப்ப சரி. புக் உள்ள இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு ஹாலில் கருவியை வைத்து ஹெட்போனில் கேட்டேன். கெட்டது போங்கள். குளிர்பெட்டி உறுமியது. காற்றாடி பெருமூச்சு விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் பல் துலக்குவது எனக்குக் கேட்டது. போதாக்குறைக்கு ஸ்டேஷனில் ஒரு கூட்ஸ் வண்டி நின்று புறப்பட்டது. பத்தொன்பது நாள் தேடி வாங்கிய காதில் இதையெல்லாம் விழவிடலாமா?

"ப்பா, இங்க வேணாம். சத்தமே இல்லாத எடமா போவோம்."

"சத்தமே இல்லாத எடத்துக்கு நாளைக்குப் போகத்தானே போறேன்" என்றார் அப்பா. அம்மா அவரை முறைத்தார். அப்பா சட்டை தேய்க்க எழுந்து போனார்.

அப்பாவின் பழைய கண்டக்டர் நண்பர் ஒருவருக்குச் சிம்பாங் அம்பாட்டைத் தாண்டி ஒரு சின்னச் செம்பனைத் தோட்டம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கே வேலை கிடையாது. மடக்கு நாற்காலிகள், ஒரு முக்காலி, அம்மா கட்டிய புளிச்சோறு, கொசுவத்தி எல்லாவற்றோடும் போய் இறங்கினோம். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார்.

"குரல்தானே புடிக்கப் போறான். சட்டை எதுக்கு?" என்றார் அம்மா.

"மைக்குக்கு முன்னால நான் சட்டை கசங்கி என்னைக்கு நின்னுருக்கேன்?"

எஞ்சின் சூடு ஆறும்போது வரும் 'டிக் டிக்' சத்தம் பதிவில் விழுந்துவிடும் என்று, எல்லோரையும் இறக்கிவிட்டுக் காரைத் தோட்டத்தின் மறுகோடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். மூன்று முறை நாற்காலிகளை இடம் மாற்றினேன். ஒரு குயிலைக் கல் வீசித் துரத்தினேன். பிறகு சட்டம் போட்டேன். யாரும் பேசக் கூடாது. சேலையைச் சரி செய்யக் கூடாது. கொசு கடித்தால் அடிக்கக் கூடாது, மெதுவாகத் தள்ளி விட வேண்டும்.

"கொசுகிட்ட நீயே சொல்லிரு லா" என்றார் அப்பா.

முக்காலியில் ரிக்கார்டரை நிறுத்தி, சாம்பல் நிற முடித் தொப்பியை மாட்டினேன். ஹெட்போனை அணிந்துகொண்டு சிவப்புப் பட்டனை அழுத்தினேன். சிவப்பு விளக்கு கண் சிமிட்டத் தொடங்கியது. திரையில் ஒலி அளவைக் காட்டும் கோடுகள் ஏறி இறங்கின. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

அப்பா பேசினார்.

அந்தக் குரலை நான் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறேன். ஆனால் அப்படிக் கேட்டதில்லை. மூச்சு உள்ளே போவது, உதடு பிரிவது, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் தொண்டையில் விழும் அந்தச் சின்னக் கரகரப்பு, எல்லாம் என் இரண்டு காதுக்கும் நடுவில் நடந்தன. இத்தனை நாள் தேடியது வீண் போகவில்லை என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் நாள்காட்டித் தாளின் பின்பக்கம் பதினொரு விஷயம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டியவை. சுங்கை ரம்பாய் பஸ் ஸ்டாப்பில் தினமும் ஏறிய ஒரு பெண்ணுக்காகப் பஸ்ஸை இரண்டு நிமிடம் தாமதமாக எடுத்தது, அந்தப் பெண் கடைசியில் பாட்டியானது, நான் பிறந்த அன்று பெய்த மழை, முதல் முறை மைக் பிடித்தபோது கை நடுங்கியது. ஒவ்வொன்றையும் சொல்லி முடித்ததும் தாளில் விரலை ஓர் எண் கீழே நகர்த்திக்கொள்வார். ஒரு மணி இருபது நிமிடம். போகப் போகக் குரல் தேய்ந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

நடுவில் லோகா என் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தாள். "ஏங்க, நேரம் காட்டற அந்த நம்பர் ஓடவே இல்லயே?"

உதட்டில் விரலை வைத்து அவளை ஒரு பார்வை பார்த்தேன். அவள் குரல் பதிவில் விழுந்துவிட்டதே என்று எனக்கு ஆத்திரம். மறுபடியும் அவள் திரையைச் சுட்டிக் காட்டினாள். நான் முக்காலியை என் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டேன். (அந்தப் பார்வைக்கு நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் கிடைக்கவில்லை.)

பதினொன்றையும் சொல்லி முடித்து அப்பா தாளை மடித்தார். நான் சிவப்புப் பட்டனை மறுபடி ஒருமுறை அழுத்தினேன். கண் சிமிட்டிக்கொண்டிருந்த விளக்கு அசையாமல் நின்றது. பாவம், அதுவும் களைத்துவிட்டது என்று நினைத்தேன். ரிக்கார்டரை முக்காலியிலேயே விட்டுவிட்டுக் காரை எடுத்து வரப் போனேன். மறுகோடியில் பின் சக்கரம் சேற்றில் இறங்கியிருந்தது. அதை வெளியே எடுத்து, முழங்கால் வரை சேற்றோடு நான் திரும்பி வர அரைமணி நேரத்துக்குமேல் ஆகிவிட்டது. அதற்குள் அவர்கள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். ரிக்கார்டரை அணைத்துப் பையில் போட்டேன்.

மாலை டீ நேரத்தில் எல்லோரையும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார வைத்தேன். ஆஸ்பத்திரிப் பை கட்டி வாசலருகே இருந்தது. அப்பாவுக்குக் குரல் முழுவதுமாக அடங்கிப்போயிருந்தது. காலையில் அவ்வளவு நேரம் பேசியதில், வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பரவாயில்லை, எல்லாம்தான் பெட்டிக்குள் இருக்கிறதே என்று கணினியோடு ஸ்பீக்கரை மாட்டினேன்.

ஒரே ஒரு பதிவுதான் இருந்தது. முப்பத்தெட்டு நிமிடம்.

மீதி எங்கே என்று தேடினேன். இல்லை. சரி, இருப்பதைக் கேட்போம் என்று ஓட விட்டேன். முதலில் வந்தது என் குரல். அட்டகாசமான தெளிவு.

"முடிஞ்சதுப்பா. ஒரு சொட்டு சிந்தாம எல்லாத்தையும் புடிச்சாச்சு."

பிறகு நான் நடந்து போகும் காலடிச் சத்தம்.

பெட்டியிலிருந்த புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். வாங்கியதிலிருந்து அப்போதுதான் பிரிக்கிறேன். சிவப்புப் பட்டனை ஒரு தடவை அழுத்தினால் கருவி தயாராகும், விளக்கு கண் சிமிட்டும். இரண்டாவது தடவை அழுத்தினால்தான் பதிவு தொடங்கும். நிறுத்துவதற்கு வேறு பட்டன். எட்டாம் பக்கத்தில் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். ஹெட்போனில் நான் கேட்டு உருகியதெல்லாம் கருவியின் வழியாக வந்து என் காதோடு போய்விட்டது. நான் முடிந்தது என்று அழுத்தியபோதுதான் அது ஆரம்பித்திருக்கிறது.

"என்ன தம்பி, அப்பா பேசினது எங்க?" என்றார் அம்மா.

புத்தகத்தை லோகாவிடம் நீட்டினேன். அவள் படித்தாள். "நம்பர் ஓடல" என்று சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. சொல்லவில்லை.

இதற்குள் ஸ்பீக்கரில் புளிச்சோற்றுத் தூக்கைத் திறக்கும் சத்தம் கேட்டது. அதன்பின் அப்பாவின் குரல், தேய்ந்தும் தெளிவாக.

"இனிமே வாயத் தொறக்கலாமா? கொசுவ அடிக்கலாமா?" பளார் என்று ஓர் அடி. "அப்பாடா. இந்த மெஷின் என்னா புள்ள, குளிக்காத பூனை மாதிரி உக்காந்துருக்கு?"

"புள்ள ஆசப்பட்டு வாங்கிருக்கான். சும்மா இருங்க" என்றது அம்மாவின் குரல்.

"ஆசதான். என் குரலப் புடிக்க மெஷின் தேடறேன் தேடறேன்னு, மூனு வாரமா எங்கிட்ட உக்காந்து ஒரு வார்த்தை பேசல அவன்."

நான் நிறுத்தப் போனேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்ல வேண்டியதுதானே அவங்கிட்ட" என்றார் பதிவில் அம்மா.

"வேணாம். அவன் பயந்து போயிருக்கான். சின்னப் புள்ளயிலேருந்து அவன் அப்படித்தான். பயம் வந்தா எதையாச்சும் எண்ண ஆரம்பிச்சிருவான்."

கொஞ்ச நேரம் சாப்பிடும் சத்தம். உப்புப் பற்றி ஒரு சிறு சண்டை. பிறகு அப்பா குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. அப்பறம் நீ கூப்டா நான் எப்படி பதில் சொல்றது?"

"இத்தன வருசம் நான் கூப்ட்டப்ப நீங்க எப்ப பதில் சொன்னீங்க?"

பதிவில் மூன்று பேரும் சிரித்தார்கள். லோகா சிரித்துச் சிரித்து இருமினாள். அம்மாவின் சிரிப்பு மட்டும் ஓரிடத்தில் வேறு மாதிரி ஆகி, மூக்கை உறிஞ்சும் சத்தத்தோடு நின்றது. "ஏ, அழாத. சோத்துல உப்பு ஏறிரும்" என்றார் அப்பா.

அதன்பின் ஒரு நாற்காலி நகர்ந்தது. அப்பா தொண்டையைச் செருமினார். தேய்ந்த குரலை எங்கிருந்தோ இழுத்து எடுத்து, மண்டபத்தில் பேசும் அதே தோரணையில் ஆரம்பித்தார்.

"அன்பார்ந்த பெரியோர்களே. கடந்த ஆறு மாசமா உள்ளாரயே நிறுத்தி வச்சிருக்கற சின்ன வண்டியோட சொந்தக்காரர், தயவுசெய்து தங்கள் வாகனத்தை எடுத்துக்கொண்டு வெளியே வரவும். வாசல்ல தாத்தா காத்துக்கிட்டு இருக்கார்." சற்று நிறுத்தினார். "அவசரம் இல்ல ம்மா. இன்னும் மூனு மாசம் டைம் இருக்கு. மெதுவா வா."

"மாமா, ஒதைக்குது. இங்க கை வைங்க" என்றது லோகாவின் குரல்.

பிறகு நெடுநேரம் செம்பனை ஓலைகள் உரசும் சத்தம் மட்டும். நான் கல் வீசித் துரத்திய குயில் திரும்பி வந்து கூவியது. கடைசியில் கார் வரும் ஓசை, என் காலடி, "ஏம்ப்பா, எனக்குச் சோறு இருக்கா?" என்ற என் கேள்வி, பட்டென்று முடிவு.

நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். முப்பத்து நான்கு வயது ஆம்பளை, தரப் பரிசோதனை அதிகாரி, அப்பாவின் முன்னால் மூக்கு ஒழுக அழுதேன். அப்பா என் முதுகைத் தட்டினார். நாள்காட்டித் தாளைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்தார். முதல் எண்ணில் விரலை வைத்து, மறுபடி சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. இரண்டு முறை முயன்று பார்த்தார்.

"வேணாம்ப்பா. விடுங்க" என்றேன்.

அவர் என் காதருகே வந்து மூச்சாலேயே சொன்னார். "இது நல்லாருக்கு தம்பி. இதையே வச்சுக்க."

அதற்குப் பிறகு நான் ஒன்றும் பார்க்கவில்லை, ஒன்றும் அளக்கவில்லை. ஹாலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்று வாரம் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசினேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பதினொரு கதையையும் என் ஞாபகத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னேன். தப்பு வந்த இடத்தில் என் தொடையைத் தட்டித் திருத்தினார். லோகா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். எழுதியது என்னுடைய அந்த நோட்டுப் புத்தகத்தில்தான். கருவிகளின் பட்டியல் இருந்த பக்கங்களை முதலில் கிழித்துப் போட்டுவிட்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தார். கழுத்தில் கட்டு, கையில் எழுதிக் காட்ட ஒரு சின்ன வெள்ளைப் பலகை. அவர் எழுந்து உட்கார்ந்ததை வெளியூர் அத்தைக்குக் காட்டலாம் என்று நான் ஹேண்ட்போனை எடுத்து வீடியோ பிடிக்கத் தூக்கினேன். அப்பா என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். கட்டைவிரலால் காற்றில் ஓர் அழுத்து. பிறகு இன்னொன்று.

அடுத்த கட்டிலருகே நின்ற நர்ஸ் மிஸ்ஸி, வலி அதிகமோ என்று பதறி ஓடி வந்தார். அம்மாவும் லோகாவும் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்கள். அப்பா பலகையில் எழுதி மிஸ்ஸிக்குக் காட்டினார்: 'எனக்கு ஒன்றும் இல்லை. பையனுக்குத்தான்.'

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது நிரந்தரமாகிவிட்டது. நான் கேட்டைப் பூட்டினேன் என்று சொன்னால் அம்மா கட்டைவிரலை இரண்டு தடவை காற்றில் அழுத்துவார். தொழிற்சாலையில் எனக்குப் பதவி உயர்வு வந்த கடிதத்தைக் காட்டினேன், லோகா அழுத்தினாள். மகள் பிறந்தாள். இப்போது அவளுக்கு ஆறு வயது. அந்த முப்பத்தெட்டு நிமிடத்தையும் மனப்பாடமாகச் சொல்வாள். தாத்தாவின் கார் அறிவிப்பை அதே ஏற்ற இறக்கத்தோடு பள்ளிக்கூடத்தில் சொல்லி, ஆசிரியை ஒருவரை வாசலுக்கு ஓட வைத்திருக்கிறாள். அவளுக்கும் கட்டைவிரல் வித்தை தெரியும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்கிறார்கள். நான் நம்பவில்லை.

போன தீபாவளிக்குக் குடும்பப் படம் எடுத்தோம். கேமராவை நிறுத்தி, டைமர் வைத்து, "எல்லாரும் சிரிங்க" என்று சொல்லிவிட்டு ஓடி வந்து உட்கார்ந்தேன். படத்தைப் பார்த்தால் நான் மட்டும் சிரிக்கிறேன். மற்ற நான்கு பேரும் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு என்னைப் பார்க்கிறார்கள். நடுவில் அப்பா, கழுத்தில் வெள்ளைத் துணியோடு, இரண்டு கட்டைவிரலையும் நீட்டியிருக்கிறார்.

அந்தப் படம் ஹாலில்தான் மாட்டியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள், இது என்ன புது விதமான வணக்கம் என்று கேட்பார்கள். அப்பா அம்மாவைப் பார்ப்பார். அம்மா சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, "அது வந்து..." என்று தொடங்குவார். நான் டீ போட எழுந்து போய்விடுவேன்.